செங்குளத்து ஆறுமணிக்குருவி

"எந்தக் குளமுங்க?"

தலைவர் தம்பிதுரை போனில் கேட்டது இந்த ஒரு கேள்வியைத்தான். அதற்குள் இல்யாஸ் கையிலிருந்த கண்ணாடியை இரண்டாவது தடவை துடைக்க ஆரம்பித்துவிட்டார். கோட்டைமேட்டில் இருக்கும் அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில், எதிரே ஒரு வாடிக்கையாளர் ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரிலிருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"சூ... சூலூருங்க சார்."

பச்சைப் பொய். பறவை குரல் கொடுத்தது செங்குளத்தில்.

"செல்லுல குரல் கிரல் போட்டுக் கூப்புடலீங்களே?"

"ஐயோ, அல்லா மேல..." என்று ஆரம்பித்த இல்யாஸ், இந்தப் பொய்க்கு அவ்வளவு பெரிய சாட்சி வேண்டாம் என்று பாதியில் விழுங்கிக்கொண்டு, "நானுங்களா சார்? செய்வனுங்களா?" என்று முடித்தார்.

"அப்ப சரிங்க பாய். சூலூர்னா ரொம்ப சந்தோசம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு போட்டோ எடுத்துப்போடுங்க. வெறும் குரலை வெச்சுப் பதிய முடியாதுங்க."

போன் அணைந்தது. வாடிக்கையாளர் கடைசி வரி வரை தப்புத்தப்பாகப் படித்து முடித்தார். இல்யாஸ் அத்தனைக்கும் "சரிங்க, சரிங்க" என்று தலையாட்டினார்.

குளம் குளமாகப் போய்ப் பறவைகளைப் படம் பிடிக்கும் 'குளக்கரைக் கூட்ட'த்தில் நாற்பத்திரண்டு பேர். தலைவர் தம்பிதுரை நூற்பாலை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லை நடத்திய அதே கறாரோடு கூட்டத்தையும் நடத்தினார். முதல் விதி, பதிவு செய்த குரலைப் போட்டுப் பறவையைக் கூப்பிடக் கூடாது. குரலைக் கேட்ட பறவை, தன் இடத்துக்கு வேறொன்று போட்டிக்கு வந்துவிட்டது என்று நினைத்து இரையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். "ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த விருந்தாளிங்க. ஏமாத்தறது பாவமுங்க" என்று ஞாயிறுதோறும் வாட்ஸப்பில் எழுதுவார். போன வருஷம் ஆந்தைக் குரல் போட்ட ஒருவரை மூன்றே நிமிடத்தில் குழுவிலிருந்து நீக்கினார். நாற்பத்து மூன்று நாற்பத்திரண்டானது அப்படித்தான்.

இல்யாஸின் பயத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜனவரியில் பறவைக் கணக்கெடுப்பு. குளத்துக்கு ஒரு பொறுப்பாளர். "செங்குளத்தை உங்ககிட்டக் குடுத்தரலாமுன்னு இருக்கறேனுங்க பாய்" என்று தலைவர் சொல்லியிருந்தார். நாற்பத்தெட்டு வயதாகியும் இல்யாஸை நம்பி யாரும் எந்தப் பொறுப்பையும் கொடுத்ததில்லை. வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதுகூட மனைவி பாத்திமுத்துதான். ஒரு குளமே கைக்கு வருகிறது என்றபோது அன்றைக்கு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அப்படிப்பட்டவர்தான் திங்கட்கிழமை சாயங்காலம் செங்குளத்துச் சீமைக்கருவேலம் புதருக்குள் உட்கார்ந்து, சத்தியமாகக் காதுக்குப் பழக்கிக்கொள்ளத்தான், போனில் ஆறுமணிக்குருவியின் குரலை ஒரே ஒரு தடவை போட்டார். இமயமலைப் பக்கத்திலிருந்து குளிர்காலத்துக்கு வருகிற பறவை. உடம்பில் ஒன்பது நிறம் இருந்தும் கண்ணில் படாது. காலை ஆறு, மாலை ஆறு என்று மணி அடித்த மாதிரி விசிலடிப்பதால் அந்தப் பெயர்.

புதருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் விசில் வந்தது.

இல்யாஸுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. "ஆறுமணிக்குருவி! குரல் மட்டும்!" என்று அங்கிருந்தே குழுவில் போட்டுவிட்டார். அந்தக் குருவி ஏன் குரல் கொடுத்தது என்பது வீடு திரும்பும் வழியில்தான் நினைவுக்கு வந்தது. மறுநாள் தலைவர் போனில் கேட்டபோது, செங்குளம் என்றால் எல்லோரும் புதருக்கே வந்து குட்டை உடைத்துவிடுவார்கள் என்று பயந்துதான் சூலூர் என்றார்.

புதன்கிழமை, பல் டாக்டர் கிருபாசங்கர் தலைமையில் ஏழு பேர் சூலூர் போனார்கள். மதியம் குழுவில் வீங்கிய கால் ஒன்றின் படம் வந்தது.

"குருவி எங்கீங்க பாய்? கொசுதானுங்க இருக்குது."

"வடக்குக் கரைங்க டாக்டர். கொஞ்சம் கூச்சப்படுமுங்க" என்று இல்யாஸ் எழுதினார்.

மறுநாள் பதினோரு பேர் வடக்குக் கரைக்குப் போனார்கள்.

இனி படம் ஒன்றுதான் கதி. ஆனால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் குருவி பதில் சொன்னதே தவிர வெளியே வரவில்லை. போன் சத்தம் போதவில்லை என்று முடிவு கட்டிய இல்யாஸ், வியாழக்கிழமை மகளின் ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பையில் போட்டார்.

"அத்தா, அது எதுக்கு?" என்றாள் ரம்ஷா.

"கடைக்குமா."

"கண்ணாடிக் கடையில பாட்டா?"

அடுக்களையிலிருந்து பாத்திமுத்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மூணு நாளா சாயங்காலம் எங்கதான் போறீங்க? சட்டை பூராவும் முள்ளு. கடையில ஆள் இல்லைன்னு பக்கத்துக் கடைக்காரரு போன் போடறாரு."

"வேலை" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஸ்பீக்கரைக் கிளையில் தொங்கவிட்டுக் குரலைப் போட்டார். ஆச்சரியம், அந்தப் பக்கத்துப் பதிலும் இரண்டு மடங்கு சத்தமாக வந்தது. குருவிக்கு ரோஷம் வந்துவிட்டது, இப்போது வெளியே வரும் என்று கேமராவைக் கண்ணில் வைத்து மூச்சை அடக்கினார். அந்த நேரம் பார்த்து, போனில் இருந்த தொழுகை நேரச் செயலி விழித்துக்கொண்டது.

"அல்லாஹு அக்பர்!" என்று புதர் முழங்கியது.

மேய்ந்துகொண்டிருந்த பத்து ஆடுகளும் தலையைத் தூக்கின. இல்யாஸ் ஸ்பீக்கரை எட்டிப் பிடித்தார். ஆனால் பாங்கைப் பாதியில் நிறுத்த மனம் வரவில்லை. கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு, அது முடியும் வரை முள்ளுக்குள் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

நிமிர்ந்தபோது ஆடு மேய்க்கும் பாவாத்தாள் எதிரே நின்றிருந்தாள்.

"ஏனுங் தம்பி, பொதருக்குள்ள எப்பங்க பள்ளிவாசல் கட்டுனாங்க?"

"அக்கா, தயவுசெஞ்சு யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

"நான் எதுக்குங்க சொல்றேன்? எல்லாரும் எங்கிட்ட இதையேதான் சொல்றீங்க" என்று முனகிக்கொண்டே அவள் ஆடுகளை ஓட்டிப்போனாள்.

வெள்ளிக்கிழமை இல்யாஸ் உண்மையைச் சொல்லிவிடத் துணிந்தார். சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத் தலைவருக்குப் போன் செய்தார். எடுக்கவில்லை. 'நடைப்பயிற்சியில் இருக்கிறேன். பிறகு பேசவும்' என்று செய்தி வந்தது. பிறகு பேசுவதற்குள் துணிச்சல் போய்விட்டது.

சனிக்கிழமை காலை தலைவர் குழுவில் எழுதியிருந்தார். 'நாளை காலை ஏழு மணிக் கூட்டம் செங்குளக்கரையில். முக்கிய விஷயம். அனைவரும் வரவும்.'

இல்யாஸ் அதை மூன்று தடவை படித்தார். எப்போதும் தலைவர் வீட்டு மொட்டைமாடியில்தான் கூட்டம் நடக்கும். எத்தனையோ குளம் இருக்க, செங்குளம் எதற்கு? கண்டுபிடித்துவிட்டார். நாற்பது பேர் முன்னால் புதரைக் காட்டி, காரித் துப்பி அனுப்பப்போகிறார். மதியம் வைத்த பிரியாணியைத் தொடாமலே எழுந்துவிட்டார். அதைப் பார்த்த பிறகுதான் பாத்திமுத்துவுக்கும் பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கரையில் எல்லோரும் கூடிவிட்டார்கள். தலைவர் காக்கித் தொப்பியோடு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் என்றுமில்லாத சிரிப்பு.

"ஒரு நல்ல சேதி சொல்லத்தானுங்க கூப்புட்டேன். அதுக்கு முந்தி, நம்ம இல்யாஸ் பாயோட சூலூர்க் குருவி..."

"சூலூரு இல்லீங்க சார்!"

இல்யாஸ் எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்த பிறகு மூட முடியவில்லை.

"பொய் சொல்லிப்போட்டேனுங்க. கேட்டது இங்கீங்க, இதே பொதருலதான். நான் செல்லுல குரல் போட்டனுங்க. மூணு நாளு. பொறவு எம் புள்ள ஸ்பீக்கரை வெச்சும் போட்டனுங்க."

"ரெண்டு நாள் கிளினிக்கைப் பூட்டிப்போட்டுப் போனனுங்க!" என்று கிருபாசங்கர் காலைச் சொறிந்துகொண்டே கத்தினார்.

"என்னைய நீக்கிப்போடுங்க சார், அது நாயம். குளமும் எனக்கு வேண்டாமுங்க. ஆனா குருவி நெசமுங்க. நான் போடப் போட அதுவும் பதில் சொல்லுச்சு. நான் சத்தத்தை ஏத்துனா, அதுவும் ஏத்துச்சுங்க!"

தலைவர் தொப்பியைக் கழற்றினார். முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்வை. இப்படி ஒரு கோபத்தை அவரிடம் இல்யாஸ் பார்த்ததே இல்லை.

"எந்தப் பொதருங்க?" என்றார் தலைவர், குரலே எழும்பாமல்.

"அந்தா, அந்தக் கருவேலம் பொதருங்க."

தலைவர் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நாற்பது பேரும் மூச்சுவிடாமல் தீர்ப்புக்குக் காத்திருந்தார்கள். அப்போது கரைமேட்டில் ஆடுகளை ஓட்டிவந்த பாவாத்தாள், கூட்டத்தைப் பார்த்து நின்றாள். இல்யாஸைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங், ரண்டு பேரும் ஒரே கூட்டமுங்களா? வாரம் பூராவும் பொதருக்கு இந்தப் பக்கம் தம்பியும் அந்தப் பக்கம் தொப்பிக்கார ஐயாவும் செல்லை வெச்சுட்டு மாத்தி மாத்தி விசிலடிச்சுட்டு, யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்கன்னு எங்கிட்டச் சொன்னீங்களே, உங்களுக்குள்ளயாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே!"