குணமாக மறுத்த முழங்கால்

நிரந்தர நோயாளி என்று ஓர் இனம் உண்டு. நோய் நிரந்தரமல்ல, ஆள்தான் நிரந்தரம். வைத்தியம் பிடிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்துப்போனதுதான் வினை.

குமாசி நகரத்து டொம்ஃபேயையே எடுத்துக்கொள்ளுங்கள். மரம் ஏற்றி வந்த லாரி மோதி முழங்கால் உடைந்து, அறுவை முடிந்து, பன்னிரண்டு தடவை வந்து கால் பயிற்சி செய்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பப்பட்டவர். இது நாற்பத்தோராவது தடவை. செவ்வாய் தவறாமல் சலவைச் சட்டை போட்டு, பயிற்சி தரும் செர்வாவுக்கென்று சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசலுக்கு நாலடி முன்னால்தான் ஊன்றுகோலை ஊன்றத் தொடங்குவார். செர்வா விடுப்பில் போய் அவளுக்குப் பதிலாக அட்டா வந்தால், தொலைந்தார் அட்டா.

"செர்வாம்மா இந்தப் பக்கமாப் பிடிப்பாங்க. நீ காலைப் பிடிக்கிறியா, கதவைத் தள்ளுறியாப்பா?"

திருப்திப் படிவத்தைச் சிகிச்சைக்கு முன்பே நிரப்பிவிடுவார். கனிவு? மிக நன்று. கவனிப்பு? மிக மிக நன்று. வலி குறைந்ததா? இல்லை.

ஏன் இந்த நாடகம்? மனைவி போய் நாலு வருஷம். "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை காது கொடுக்க உலகத்தில் செர்வா ஒருத்திதான் மிச்சம். குட்டை முக்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்துவிட்டால் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். எழுவாரா? முக்காலியைக் கண்டாலே "அம்மாடி!"

ஒரு சனிக்கிழமை, துக்க வீடு. கறுப்பும் சிவப்புமாய்த் துக்க உடையில் ஊரே கூடியிருக்க, மேளம் முழங்க, எவனோ ஒருவன் சொன்னான்: "அந்த ஆஸ்பத்திரியா? அங்க போயி யாரு தேறினா?"

டொம்ஃபேவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"செர்வாம்மா கைபட்ட காலுடா இது! பாக்குறியா?"

ஊன்றுகோல் பறந்தது. அங்கே கிடந்த குட்டை முக்காலியில் உட்கார்ந்தார், கை ஊன்றாமல் எழுந்தார். ஒருமுறை போதாதென்று மூன்று முறை. மேளக்காரர்கள் வேகம் கூட்ட, முழங்காலை மடக்கி மடக்கி ஆடியபடியே பந்தலை ஒரு சுற்று வந்தவர் நின்ற இடத்தில், துக்கம் விசாரிக்க வந்த செர்வா நின்றிருந்தாள்.

"பிரமாதங்கய்யா! இதைத்தானே ஒம்போது மாசமாக் கேட்டுக்கிட்டிருந்தேன்?"

"துக்கத்துல வந்த வேகம்மா இது... இப்பப் பாருங்க, சுள்ளுனு..."

ரொட்டி விற்கும் பொகுவா அருகில் வந்தாள். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோய், செர்வாவிடம் இடம் கிடைக்காமல் இரண்டு மாதமாகக் காத்திருப்பவள். நல்ல கையால் ஊன்றுகோலை எடுத்து நீட்டினாள்.

"அண்ணே, அப்ப உங்க செவ்வாக்கெழமை எனக்குத்தானே?"

தொங்கிக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்ததும் டொம்ஃபேவுக்கு வெட்கமாகப் போயிற்று.

"ஒம்போது மணிக்குப் போயிரு தாயி. லேட்டானா அவங்களுக்குப் பிடிக்காது."

கடைசிப் படிவத்தில்தான் முதன்முதலாக உண்மை எழுதினார். வலி குறைந்ததா? ஆம். திருப்தியா? இல்லை.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் "இப்ப எப்படி இருக்கு?" என்று யாராவது கனிவாகக் கேட்டதும், போன வாரமே போய்விட்ட தலைவலியை நெற்றியில் தேடுகிறீர்களே, அந்தக் கையை முதலில் இறக்குங்கள்.