கோழிக்குத் தரை போட்டவர்

அரைகுறை வேலை பிடிக்காதவர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு நாலு பேராவது தேறுவார்கள். ஒன்றைத் தொட்டால் அப்பழுக்கில்லாமல் முடிக்காமல் விடமாட்டார்கள். எதைத் தொடுவது என்பதில்தான் எப்போதும் கொஞ்சம் தடுமாற்றம்.

முத்தாபுதுப்பேட்டைச் சின்னப்பையன் இந்த இனத்தில் முதல் தரம். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். ஆவடியில் பட்டாளம் வந்து இறங்கி, முட்டைக்கு ஏகக் கிராக்கி. கோழிக்கு ஒழுங்காக ஒரு கொட்டகை, கொட்டகைக்கு ஒழுங்காக ஒரு தரை என்று கிளம்பினார். அவர் மனைவி வேம்புலியம்மாளும் அப்போது ஒரு தரையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாள். அடுப்பங்கரையில் மண் பெயர்ந்து பள்ளம்; மழை வந்தால் குளம். ஐப்பசியில் மகள் வசந்தா பிள்ளைப்பேற்றுக்கு வருகிறாள்.

"வாயும் வயிறுமா வர்ற பொண்ணு வழுக்கி உழுந்தா இன்னாய்யா பண்ணுவே?"

"அதையும் போட்டுடலாம். மொதல்ல இது முடியட்டும். அரைகொறை வேலை நம்மகிட்ட கெடையாது."

எப்போது முடியும்? மணல் கொட்டினார், ஈரம் வாங்குகிறது என்று வாரினார். வேப்பம்பட்டு மில்லிலிருந்து வண்டியில் உமி வந்தது. நல்ல உமிதான், ஆனால் ஆடிக்காற்று அதைத் தெருவிலுள்ள அத்தனை சோற்றுப்பானைக்கும் பங்கிட்டுக் கொடுத்தது. கடலைத்தோலைப் பரப்பினார், பூச்சி வைக்குமோ என்ற கவலையில் அதையும் கூட்டித் தள்ளினார். கடைசியில் பாடி ஊரிலிருந்து கொத்தனாரை வரவழைத்து, செங்கல் பாவி, சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, கழுவிய தண்ணீர் ஓட வாட்டம் விட்டு, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியதில், குனிந்தால் சின்னப்பையனுக்குத் தன் மீசையே தெரிந்தது. கூரையோ, ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரம். கோழி உலாவுகிற வேலிக்குள் சலித்த ஆற்றுமணல்.

முட்டை வாங்கப் பூந்தமல்லியிலிருந்து வருகிற ஹாஜா மொய்தீன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நாயக்கரே, கோழிக்கா இது? மாப்பிள்ளைக்குன்னு நெனச்சிகினேன்!"

"செருப்பை அப்பால உட்டுட்டு வா பாய்."

கோழிகளை உள்ளே விட்டார். நாலு எட்டு வைத்தன, கால் வழுக்கிற்று. கிளறுவதற்கு உள்ளே ஒரு பிடி மண் இல்லை; வெளியே சலித்த மணலில் ஒரு புழுவும் இல்லை. சேவல் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு கூட்டமாக வெளியேறி, நேரே அடுப்பங்கரைக்குப் போய், மேடையோரம் குவிந்திருந்த சாம்பலைக் கிளறி உட்கார்ந்துகொண்டன.

ஐப்பசி வந்தது. வசந்தா வந்தாள். பின்னாலேயே மழையும் வந்தது. அடுப்பங்கரைப் பள்ளத்தில் கணுக்கால் தண்ணீர். வேம்புலியம்மாள் மண் அடுப்பைத் தூக்கினாள், பானை சட்டியை எடுத்தாள், மகளைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு கோழிக் கொட்டகையில் குடியேறினாள்.

"இன்னாடீ இது? கோழிங்க எங்க போவும்?"

"அதுங்க அடுப்பு மேடையில குந்திகினு முட்டை வச்சிகினு கீது. அதுங்களுக்கு அந்த எடம் புடிச்சிப் போச்சு, எனக்கு இந்த எடம் புடிச்சிப் போச்சு. நீ எங்க போறேன்னு பாத்துக்கோ."

சின்னப்பையன் அசந்து போனாரா? அந்த இனத்துக்கு ஏது அது? கொட்டகைக்குள் போய் அடுப்போரத்துத் தரையை விரலால் தடவினார்.

"கரி புடிக்குதே... இந்த மூலையை மட்டும் கொத்திட்டு மறுபடி பூசிடலாம்."

வேம்புலியம்மாள் அகப்பையை எடுத்தாள்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கென்ன, கோழியா வளர்க்கிறீர்கள்? ஆனால் உங்கள் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து யாரோ இரண்டு தரம் கூப்பிட்டாயிற்று. "கடைசிப் பத்தி, இதோ வந்துவிட்டேன்" என்று நீங்களும் பதில் சொல்லியாயிற்று. பத்தி முடிந்துவிட்டது. போங்கள். பார்த்துக் காலை வையுங்கள்.