டைம் ஆபீஸ் நடத்திய மார்கழி நடை

தான் ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் பன்னிரண்டு பேரை மூன்று மார்கழி நடக்க வைத்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டில் ஒருவர்தான் உண்டு. அவர் காட்டூரில் எங்கள் தெருவில் இருந்தார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டைம் ஆபீஸ்.

துவாக்குடிப் பக்கம் ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்தைந்து வருஷம் டைம் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தொழிலாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், யார் லேட், யார் லீவு என்று கணக்கு வைக்கும் இடம் அது. தொழிற்சாலை அவரை விட்டுவிட்டது. அவர் வேலையை விடவில்லை.

திருச்சியில் குளிர்காலமா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். வருஷத்தில் பத்து மாதம் அடுப்பில் வைத்த தோசைக்கல்லாக இருக்கும் ஊர் இது. அதனால் மார்கழியில் காவிரிப் பக்கமிருந்து கொஞ்சம் ஈரக்காற்று வந்தாலே நாங்கள் இமயமலைக்குப் போகிறவர்களைப் போல மஃப்ளரும் குரங்கு குல்லாவுமாக மாறிவிடுவோம். பிறகு அதையும் போட்டுக்கொண்டு போர்வைக்குள் படுத்துவிடுவோம்.

எனக்குச் சர்க்கரை வந்த வருஷம், தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆடியில் தொடங்கி புரட்டாசி வரை ஒழுங்காக நடந்தேன். ஐப்பசியில் மழை. கார்த்திகையில் ஜலதோஷம். மார்கழியில் போர்வை. என் சர்க்கரை மட்டும் விடுப்பு எடுக்காமல் ஏறிக்கொண்டிருந்தது. என் மனைவி என்னிடம் சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் டைம் ஆபீஸிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஐந்தே காலுக்குக் கதவு தட்டப்பட்டது. திறந்தால், பழுப்பு நிறக் குரங்கு குல்லாவுக்குள்ளிருந்து ஒரு மூக்கு மட்டும் தெரிந்தது.

"உங்க டோக்கன் நம்பர் நூத்தி ஏழு. அஞ்சரைக்கு பால் பூத் வாசல்ல ரிப்போர்ட் பண்ணுங்க. பத்து நிமிஷம் லேட்டானா அரை நாள் போயிடும்."

என்ன அரை நாள், எங்கிருந்து போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. போனேன்.

பால் பூத் வாசலில் ஒரு டியூப்லைட். அதன் அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். மடியில் நீளமான வருகைப் பதிவேடு. பால் பூத்திலிருந்து தண்ணீர் டேங்க் வரை போய்த் திரும்பினால் ஒரு சுற்று. மொத்தம் ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் அவரைக் கடக்கும்போது நம்பரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது, கையைத் தூக்கினால் செல்லாது. "வாயத் தொறந்து சொல்லுங்க" என்பார். பனிக்குள்ளிருந்து நூத்தி ஒண்ணு, நூத்தி நாலு, நூத்தி ஏழு என்று குரல்கள் வருவதைக் கேட்டு, புதிதாகக் குடிவந்த ஒருவர் இங்கே தினமும் ஏலம் நடக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்தாராம்.

நூற்றி ஒன்று மெர்சி டீச்சர். மாதா கோயில் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கூட்டத்தில் டைம் ஆபீஸ் கொஞ்சம் பயப்படும் ஒரே ஆள். நூற்றி நான்கு காஜா பாய். மெயின் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர். நடப்பதைத் தவிர எல்லாவற்றிலும் சுறுசுறுப்பானவர்.

வர முடியாதவர்கள் முந்தின நாள் மாலைக்குள் லீவு லெட்டர் தர வேண்டும். காஜா பாய் முதல் மார்கழியிலேயே மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று நான்கு முறை எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தாம் முறை டைம் ஆபீஸ் நேராக அவர் வீட்டுக்குப் போனார். மாமியாரே கதவைத் திறந்தார். அடுத்த வாரத்திலிருந்து நடைக்கு மாமியாரும் வந்தார். டோக்கன் நூற்றி பன்னிரண்டு. மருமகனைவிட ஒரு சுற்று அதிகம்.

நானும் ஒருநாள் முதுகுப் பிடிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தேன். டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கே என்று கேட்டு வந்து நின்றார். அதைத் தேடுவதாகச் சொல்லிக் கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். இவ்வளவு குனிய முடிகிறவருக்கு முதுகில் என்ன பிடிப்பு என்று என் மனைவி உள்ளேயிருந்து கேட்டாள். அன்றைக்கு ஏழு சுற்று.

மழை வந்தாலும் தப்ப முடியாது. தை பிறந்த பிறகு ஒருநாள் விடியற்காலையில் கொட்டித் தீர்த்தபோது, எங்களை அருகில் இருந்த கல்யாண மண்டபத்துக்குள் ஓட்டிச் சென்றார். உள்ளே ஏழரை முகூர்த்தத்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. பந்தி மண்டபத்தைச் சுற்றி இருபது சுற்று நடந்தோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண் வீட்டார் என்று எண்ணினார்கள். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று எண்ணி, இத்தனை பேர் உட்காராமல் சுற்றுகிறார்களே, ஏதோ கோபம் போலிருக்கிறது என்று பதறிப் போய் இலை போட்டுவிட்டார்கள். நெய் ஒழுகும் பொங்கல், வடை, கேசரி. அந்த மார்கழி முழுவதும் நாங்கள் குறைத்த எடை அந்த ஒரு காலையில் திரும்பி வந்தது. டைம் ஆபீஸ் எங்கள் எல்லோருக்கும் ஓவர்டைம் போட்டார்.

இவ்வளவு செய்தவர், தான் மட்டும் ஒரு சுற்று நடக்க நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. கேட்டால், "டைம் ஆபீஸ்காரன் மிஷின் ஓட்டுவானா?" என்பார். மார்கழியும் தையும் முடிந்தால் ஆள் வெளியே தென்படவும் மாட்டார். வெயில் காலத்தில் நடப்பதற்கு யாரும் எழுப்ப வேண்டாம், புழுக்கமே எழுப்பிவிடும். குளிர்காலத்துக்குத்தான் ஆள் தேவை என்று அதற்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். சரியாகத்தான் பட்டது. எனக்குச் சர்க்கரையும் இறங்கியிருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

மூன்றாவது மார்கழியில் அவர் ஓர் இலக்கு வைத்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமை காட்டூரிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு நடை. எங்களுக்கு முன்னால் அவர் பஸ்ஸில் சத்திரம் பேருந்து நிலையம் போய் உட்கார்ந்திருப்பார். அங்கே நம்பரைச் சொல்லிவிட்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி ராஜகோபுரம் வரை போக வேண்டும்.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். முன்னால் போகிறவரின் முதுகு தெரியாத பனி. ஏழரைக்குச் சத்திரம் போய்ச் சேர்ந்தபோது காஜா பாய் உட்பட ஒருவரும் விழவில்லை. ஆனால் டைம் ஆபீஸைக் காணோம். டீக்கடை, பழக்கடை, கழிப்பறை வாசல் எல்லாம் தேடினோம். எட்டு மணிக்கு மெர்சி டீச்சரின் போன் அடித்தது. டீச்சர் ஸ்பீக்கரில் போட்டார்.

"டீச்சர், எல்லாரும் வந்தாச்சா?"

"வந்தாச்சு. நீங்க எங்க சார் இருக்கீங்க?"

 குரல் மெதுவாக வந்தது. "வையம்பட்டியில."

வையம்பட்டி திண்டுக்கல் போகிற வழியில் இருக்கிறது. சத்திரத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நடந்தது இதுதான். காட்டூர் நிறுத்தத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு பஸ் வந்து நின்றிருக்கிறது. ஏறி உட்கார்ந்து, சத்திரத்தோடு முடிகிற டவுன் பஸ்ஸில் எப்போதும் கேட்பதுபோல "கடைசி ஸ்டாப் ஒண்ணு" என்று நோட்டை நீட்டியிருக்கிறார். அது தஞ்சாவூரிலிருந்து திண்டுக்கல் போகிற பஸ். சில்லறை குறைவாக வந்ததை ஞாயிற்றுக்கிழமை ஸ்பெஷல் என்று எண்ணிக்கொண்டு தூங்கிவிட்டார். விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஏதோ விரிந்திருக்கிறது. காவிரிக் கரை வந்துவிட்டதா என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டிருக்கிறார். அவர் தன் சோளக்காடு என்று சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு ராஜகோபுரம் வரை யாரும் போகவில்லை. சத்திரத்திலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தோம். பத்தே முக்காலுக்கு ஒரு பஸ்ஸிலிருந்து, குல்லாவைக் கழற்றாமல், பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் பன்னிரண்டு பேர் எதிரில் வரிசையாக நிற்கிறோம். எங்களைத் தாண்டி நேராகப் போய்விட்டார்.

காஜா பாய் சிரிக்க வாயைத் திறந்தார். மெர்சி டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். பின்னாலேயே போய் அவர் கையிலிருந்த பதிவேட்டை வாங்கினார். அதை யாரும் தொட்டதில்லை. அவர் தொட விட்டதும் இல்லை. டீச்சர் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கோடு ஒரு பக்கம், டிக் ஒரு பக்கம். என் பெயருக்கு நேரே ஒரு வாரமாக ஒன்றும் இல்லை. காஜா பாயின் கட்டத்துக்குள் மூன்று பேருடைய வருகை ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தது. சில டிக்குகள் தாளைத் தாண்டி அட்டையில் இருந்தன.

டீச்சர் அந்தப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதக் கொஞ்சம் படிங்க சார்."

"பனியில சரியாத் தெரியல டீச்சர்."

"பதினொரு மணிக்கு ஏது சார் பனி?"

அவர் பக்கத்திலிருந்த சிமென்ட் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. கண்ணில் கத்தி வைப்பார்களே என்று பயந்து தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

டீச்சர் விடவில்லை. கண் தெரியாதவர் எதற்குப் பனியில் வந்து உட்கார வேண்டும், வெயில் காலத்தில் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்டார்.

"வெயில்ல எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. கண்டுபிடிச்சிடுவாங்க. பனிக்காலத்துல எல்லாருக்கும் என்ன மாதிரிதானே டீச்சர் தெரியுது? அதான் இந்த ரெண்டு மாசம் தைரியமா வெளிய வருவேன்."

பஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. காஜா பாய் போய் ஒரு டீ வாங்கிவந்து அவர் கையில் கொடுத்து, விரல்களை டம்ளரைச் சுற்றி மூடிவிட்டார். நம்பரை வாயால் சொன்னால்தான் செல்லும் என்று அவர் பிடித்த பிடிவாதம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று வருஷமாக அவரைத் தொழிற்சாலைப் பைத்தியம் என்று நான் சொல்லாத இடமில்லை.

ஆபரேஷனுக்கு அவரைச் சம்மதிக்க வைக்கப் பத்து நாள் ஆனது. மனைவி சொல்லிப் பயனில்லை. கண் ஆபரேஷன் இப்போதெல்லாம் பல் பிடுங்குவதைவிடச் சுலபம் என்றார் காஜா பாய். பல் பிடுங்கியபோது மயங்கி விழுந்தவர் அவர் என்பதால் அது எடுபடவில்லை. கடைசியில் மெர்சி டீச்சர் ஒரு தாளில் மெடிக்கல் லீவு ஒரு மாதம் என்று எழுதி, எங்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நேராக அவர் வீட்டுக்குப் போய் அதைப் படித்துக் காட்டினார். லீவு சாங்ஷன் ஆகிவிட்டது, எடுக்காவிட்டால் ரிக்கார்டு கெட்டுப்போகும் என்றார். டைம் ஆபீஸ் நெடுநேரம் யோசித்தாராம். ஒப்புதலான லீவை வீணாக்குவதற்கு அவருடைய சர்வீசில் முன்னுதாரணம் இல்லை.

அந்த ஒரு மாதம் மெர்சி டீச்சர் நாற்காலியில் உட்காராமல், கூடவே நடந்து கணக்கெடுத்தார். அவர் கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது. நாங்கள் டைம் ஆபீஸுக்காக ஏங்கிப்போனோம்.

ஒரு கண் முடிந்து, அது ஆறியதும் இன்னொரு கண்ணும் முடிந்து, மாசிக் கடைசியில் ஒருநாள் காலையில் பால் பூத்துக்கு வந்தார். பனி விட்டிருந்தது. ஆறு மணிக்கே நல்ல வெளிச்சம். குல்லா இல்லை. கறுப்புக் கண்ணாடி. குல்லாவுக்குள் இத்தனை நாள் வழுக்கைத் தலையும் வெள்ளை மீசையுமாக ஒரு மனிதர் இருந்திருக்கிறார் என்பது எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று முகத்தைப் பார்த்தார். என்னிடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்த்தார். மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை வயிற்றில் கொஞ்ச நேரம் நின்றது.

"நூத்தி ஏழு நீங்கதானா? குரல வச்சு ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சிட்டேன் சார். தெரிஞ்சிருந்தா பத்து சுத்து போட்டிருப்பேன்."

சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடவில்லை. தானும் நடக்கப் போவதாகச் சொன்னார். நாலு வருஷமாக உட்கார்ந்தே இருந்த கால்கள். தெருவில் கிடந்த சின்னக் கல், கோலம், படுத்திருந்த நாய் என்று ஒவ்வொன்றுக்கும் நின்று நின்று பார்த்துக்கொண்டு வந்தார். மற்றவர்கள் எங்கள் இருவரையும் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். தண்ணீர் டேங்க் வரை போகவே அரை மணி நேரம் ஆயிற்று. அவரை விட்டுவிட்டு வேகமாக நடக்க எனக்கு மனம் வரவில்லை.