பர்மிஷன் மாமாவின் கரும்பலகை

இன்டர்நெட்டில் குழந்தைகளின் விவரங்களைக் காக்கச் சட்டம் வேண்டும் என்று இன்றைக்கு ஊரெல்லாம் பேசுகிறார்கள். தொண்ணூறுகளின் கடைசியிலேயே மைசூர் அக்ரஹாரத்தில் அந்தச் சட்டத்தைத் தனி ஆளாகப் போட்டு, அமல்படுத்தி, தண்டனையும் கொடுத்து முடித்தவர் எங்கள் பர்மிஷன் மாமா!

ரயில்வேயில் ரிட்டயராகி, மூன்று கம்ப்யூட்டரோடு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தார். அங்கே எந்தக் குழந்தையும் தன் பெயர், ஸ்கூல், விலாசம் எதையும் டைப் அடிக்கக் கூடாது. பரிசு தருகிறோம் என்று ஏதாவது வெப்சைட் கேட்டால் ஓடிவந்து மானிட்டரையே அணைத்துவிடுவார்.

ஒருநாள் என் பெண்ணைத் தேடி அங்கே போன் செய்தேன்.

"மாமா, சுதா அங்க இருக்காளா?"

"அவளைக் கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும்."

"நான் அவ அம்மா மாமா!"

"இருக்கட்டுமே. அவ பர்மிஷன் வேண்டாமா?"

பின்னால் சுதா சிரிப்பது எனக்கே கேட்டது. வந்த கோபத்தில் ஒரு மாதம் அந்த மனுஷரோடு நான் பேசவில்லை.

பேசவைத்தது சுதாவின் டியூஷன் சென்டர். புதிதாக வெப்சைட் ஆரம்பித்தவர்கள், அதிக மார்க் வாங்கிய பிள்ளைகளின் போட்டோவை வீட்டு போன் நம்பரோடு போட்டுவிட்டார்கள். எவனெவனோ போன் செய்து, "போட்டோல பார்த்தேன், சுதாவைக் கூப்பிடுங்க" என்றான். பதின்மூன்று வயசுப் பெண், மணி அடித்தாலே நடுங்கினாள். டியூஷனுக்கும் போகமாட்டேன் என்றுவிட்டாள். நான் போய்ச் சண்டை போட்டேன். "பப்ளிசிடிதானே மேடம், சந்தோஷப்படுங்க" என்று சிரித்தார் ஓனர். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

மாமாவிடம் போய் அழுதேன். அவர் நேராக சுதாவிடம் கேட்டார்: "போட்டோ போடலாமான்னு உன்னை யாராவது கேட்டாளாம்மா?"

"இல்ல மாமா."

அவ்வளவுதான். மறுநாள் காலை அவர் கடை வாசலில் ஒரு கரும்பலகை. டியூஷன் ஓனரின் பெயர், விலாசம், வீட்டு போன் நம்பர், 'வயது ஐம்பத்திநாலு, தலைக்கு டை, காலை ஆறிலிருந்து ஏழு வரை வாக்கிங், வீடு பூட்டியிருக்கும்'. தெருவே ஸ்கூட்டரை நிறுத்திப் படித்தது.

பத்து மணிக்கு ஓனர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "பேடா ஸ்வாமி, வேண்டாம்! மானம் போறது, அழிச்சிடுங்க!"

"பப்ளிசிடிதானே சார், சந்தோஷப்படுங்க. முதல்ல குழந்தைகளோடதை எடுங்க, அப்புறம் இதை அழிக்கிறேன்."

மத்தியானத்துக்குள் அத்தனை பிள்ளைகளின் போட்டோவும் நம்பரும் போயாயிற்று. மாமா கம்ப்யூட்டரில் காட்டி, "ஜெயிச்சுட்டோம்டி குழந்தே!" என்று குதித்தார். அந்த வயசில் அப்படிக் குதித்த மனுஷரை நான் பார்த்ததில்லை.

ஏற்கெனவே நம்பரைக் குறித்துவைத்தவர்களின் போன்கள் ஓய இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு சாயங்காலம் மணி அடித்தது. நான் எழுவதற்குள் சுதா ஓடிப்போய் எடுத்து, "ஹலோ, சுதா பேசறேன்!" என்றாள். அடுக்களையில் நின்றபடியே, மாமா கடை இருந்த திக்கைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.