காலை ஒன்பது மணியிலேயே நின்ற பேனல்

எனக்குக் கொஞ்சம் புத்தி உண்டு. அது நிறைய இருக்கிறது என்ற நினைப்பு அதைவிட அதிகமாக உண்டு. இந்த நினைப்பால் வந்த வினைதான் இது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம். டிப்ளமா முடித்த புதிது. சூரியன் போகிற பக்கமெல்லாம் சோலார் பேனல் தானாகத் திரும்ப வேண்டும், அதுவும் மோட்டார் இல்லாமல் என்று ஒரு கிறுக்குப் பிடித்தது. பல நாள் மண்டையைக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பேனலின் கிழக்கு ஓரத்தில் தண்ணீர் வாளி, மேற்கு ஓரத்தில் செங்கல். காலையில் வாளியின் கனத்தில் பேனல் கிழக்கே சாய்ந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் வழியாகத் தண்ணீர் சொட்டச் சொட்ட வாளி லேசாகி, பேனல் மெல்ல மேற்கே திரும்பும். எங்கள் மொட்டைமாடியில் மூன்று நாள் அருமையாகத் திரும்பியது.

அம்மாவுக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. காவல் கொட்டகைக்கு விளக்கு வேண்டும், கரண்டு இழுக்க வழியில்லை என்று முதலாளி சொல்லியிருக்கிறார். "எம் மகன் ஒண்ணு செஞ்சிருக்கான் மொதலாளி" என்று அம்மா வாயை விட்டுவிட்டாள். அவருக்குப் பிடித்துப்போனால் என் முதல் ஆர்டர்.

கம்பெனியில் காட்டுவதற்கு முந்தின நாள் அம்மா கேட்டாள். "ஏலே, மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது எப்படிலே திரும்பும்?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா." (இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

மறுநாள் போகிற வழியில், பஸ் நெரிசலில் என் வாளி உடைந்தது. கம்பெனி காவல்காரர் அங்கே இருந்த ஒரு சிவப்பு வாளியைத் தந்தார். ஒன்பது மணிக்கு, உள்ளே அம்மா பட்டாசு காயப்போடுகிற களத்தோரம் எல்லாவற்றையும் பொருத்திவிட்டு வெளியே வந்தேன். வேலை நேரத்தில் வெளியாள் உள்ளே நிற்கக் கூடாது. வாசல் பெஞ்சிலிருந்து பார்த்தால் சுவருக்கு மேல் பேனல் மட்டும் தெரியும்.

பத்து மணிக்கு லேசாகத் திரும்பியது. பூரித்துப்போனேன். பத்தரைக்குப் பார்த்தால் மறுபடி கிழக்கே! காற்றா? அச்சு இறுகிவிட்டதா? நோட்டில் குறித்தேன். பதினொன்றுக்குத் திரும்பியது, பதினொன்றரைக்குப் பழைய இடம். வெயிலில் செங்கல் எடை குறையுமா என்றுகூட யோசித்தேன் (டிப்ளமாவில் நான் முதல் வகுப்பு). பயம் ஒரு பக்கம் இருந்தாலும், ஏன் இப்படி என்று தெரிந்தே ஆக வேண்டும் போலிருந்தது.

நாலு மணிக்கு முதலாளி வந்து உள்ளே கூட்டிப்போனார். பேனல் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"என்னப்பா, நாளைக்கு வர்ற சூரியனுக்கு இப்பவே காத்துக்கிட்டு நிக்குதா?"

வாளியை எட்டிப் பார்த்தேன். தளும்பியது.

"யாரு இதுல தண்ணி ஊத்துனது?"

"நாந்தாம்லே" என்றாள் அம்மா, பெருமையாக. "செவப்பு வாளியில்ல? கொறஞ்சுக்கிட்டே இருந்துச்சு. பாக்குறப்பல்லாம் ஊத்திட்டேன்."

பட்டாசுக் கம்பெனியில் சிவப்பு வாளி என்றால் தீயணைக்க வைத்தது. ஒரு விரல் குறைந்தாலும் பார்த்தவர் நிரப்பிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அம்மா படித்த பாடம் அது. நான் தலையில் கைவைத்தபடி விஷயத்தைச் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "தண்ணி கொறஞ்சாத்தான் திரும்பும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதாலே?"

நான் நோட்டை மடக்கிப் பைக்குள் வைத்தேன். முதலாளி சிரித்துவிட்டார். "அந்த வாளிக்கு ஒரு காவல் போடணும், அந்தக் காவலுக்கு ஒரு வெளக்குப் போடணும். வேண்டாம்ப்பா." ஆர்டர் போயிற்று.

இப்போதும் சோலார் வேலைதான் செய்கிறேன், திருத்தங்கலில். எந்த வீட்டில் பேனல் மாட்டினாலும் வீட்டில் உள்ள எல்லோருக்கும் விளக்கிச் சொல்கிறேன், கேட்காதவர்களுக்கும் சேர்த்து. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை நான் எழுந்திருக்காமல் கிடந்தால், என் மனைவி அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் குரல் கொடுப்பாள்: "என்ன அத்தை, இன்னைக்கும் வாளியில தண்ணி ஊத்திட்டீகளா?"