முதல் பாடம் தாண்டாத வாத்தியாரம்மா

ஊருக்குப் புதிதாக வந்தவர் மொழி கற்கிறார் என்று தெரிந்தால் போதும், எங்கிருந்தோ ஒரு வாத்தியார் முளைத்துவிடுவார். சம்பளம் கேட்காதவர், புத்தகம் இல்லாதவர், ஒருநாளும் விடுமுறை விடாதவர். அவரிடம் இருப்பது ஒரே ஒரு பாடம். ‘இது என்ன?’ என்று கேட்பார். பதிலையும் அவரே சொல்லிவிடுவார். ஏன் இரண்டாம் பாடத்துக்குப் போவதில்லை என்கிறீர்களா? அதில் எதிராளி பேசுவார், இவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆகிற காரியமா அது?

துருக்கியின் எல்லையோர ஊரான எங்கள் ஹோபாவில் இந்த இனத்துக்குத் தலைவி சபினாஸ். அவளுடைய அண்ணன் யாகூப், எல்லைக்கு அந்தப் பக்கம் ஜார்ஜியாவிலிருந்து லாமாராவைக் கட்டிக்கொண்டு வந்த அன்றே இவள் டீ ஸ்பூனைக் கையில் எடுத்துவிட்டாள். துருக்கி மொழியில் பொருள் கைக்குள் இருந்தால் ஒரு சொல், விரல் நீட்டிக் காட்டினால் ஒரு சொல், எட்டத்தில் இருந்தால் இன்னொரு சொல். அதற்காக ஸ்பூனைக் கையில் பிடிப்பாள், மேஜையில் வைப்பாள், ஜன்னல் விளிம்புக்குக் கொண்டுபோவாள், ஒவ்வொரு இடத்திலும் நின்று, “இது என்ன, அண்ணி?” என்பாள். மூன்று வருடங்களில் லாமாரா மீன்காரனிடம் நெத்திலிக்குப் பேரம் பேசினாள், மினிபஸ் டிரைவரை வாய்விட்டுத் திட்டினாள், யாகூபோடு துருக்கி மொழியிலேயே சண்டை போட்டு ஜெயித்தாள். ஸ்பூன் மட்டும் கீழே இறங்கவில்லை. நாத்தனாரைப் பகைத்துக்கொள்வானேன் என்று அவளும், “ஸ்பூன்” என்று சொல்லித் தொலைத்தாள்.

மருந்துக்கடை மெஹ்லிகா ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கு வந்தார். கடைக்கு ஓர் ஆள் வேண்டும். வருகிறவர்களிடம் லாமாரா பேசுவாளா என்று பார்க்க வந்தார். பன்னிரண்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு வீட்டில் அடைந்து கிடப்பவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிது என்று சொல்ல வேண்டியதில்லை.

“முன்னாடி எங்கம்மா வேலை பார்த்தே?”

லாமாரா வாயைத் திறந்தாள்.

“அவ்வளவு வேகமாக் கேட்டா அவங்களுக்குப் புரியாதுக்கா,” என்றாள் சபினாஸ். “ஜார்ஜியாவுல, பதூம்ங்கிற ஊர்ல நர்ஸா இருந்தாங்க.”

“சரி, பிரஷர் மாத்திரை எல்லாம் பழக்கம்தானே?”

“அதெல்லாம் அத்துப்படி,” என்று சபினாஸ் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். “அண்ணி, அக்காவுக்குச் சொல்லுங்க. இது என்ன?”

“தட்டு,” என்றாள் லாமாரா, தலை குனிந்து.

சபினாஸ் வாயெல்லாம் பல்லாக விருந்தாளியைப் பார்த்தாள். மெஹ்லிகா பெருமூச்சு விட்டார். “நல்ல பொண்ணுதான். ஆனா என் கடைக்கு வர்றவங்க தட்டா கேப்பாங்க?” என்று சொல்லி, தன் ஸ்பூனை டீ கிளாஸின் மேல் குறுக்கே வைத்தார். எங்கள் பக்கத்தில் அப்படி வைத்தால், போதும், இனி ஊற்றாதே, நான் கிளம்புகிறேன் என்று பொருள்.

நம் வாத்தியாரம்மா அதையா கவனிப்பாள்? கிளாஸின் மேலிருந்த அந்த ஸ்பூனையே உருவித் தூக்கிப் பிடித்தாள்.

“இது என்ன, அண்ணி?”

“ஸ்பூன்,” என்றாள் லாமாரா. எழுந்து அதை நாத்தனார் கையிலிருந்து வாங்கினாள். “கிளாஸுக்குள்ள கிடந்தா இன்னும் ஊத்துன்னு அர்த்தம். மேல குறுக்க வெச்சா போதும்னு அர்த்தம். மெஹ்லிகாக்கா ஒருதடவை வெச்சாங்க, நீ எடுத்துட்டே. நான் மூணு வருஷமா வெச்சுக்கிட்டே இருக்கேன், உன் கண்ணுல படவே இல்ல.” ஸ்பூனைச் சபினாஸின் கிளாஸ் மேல் குறுக்கே வைத்தாள். “இப்ப நான் பேசட்டுமா?”

பேசினாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், எதை வாங்க வருகிறவனை முதலில் டாக்டரிடம் துரத்த வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினாள். மெஹ்லிகா இரண்டு கிளாஸ் டீ கூடுதலாகக் குடித்துவிட்டு, “நாளைக்குக் காலையில எட்டரைக்கு வந்துரு,” என்றார்.

சபினாஸ் அசந்துவிட்டாள் என்றா நினைத்தீர்கள்? வாசல்வரை போய் விருந்தாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, “பார்த்தீங்களாக்கா, எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது,” என்றாள்.

எனக்கும் ஒரு சபினாஸைத் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் மொழியைத் திக்கித் திக்கிப் பேசிய ஒருவர் கடைசியாக உங்களிடம் என்ன சொல்ல வந்தார்? ஞாபகம் இல்லையா? அவருடைய வாக்கியத்தை யார் முடித்துவைத்தார்கள்? சற்றுக் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். இது என்ன, ஸ்பூன்தானே?