ஏமாந்தவர் ஒருவர் தேவை

"ஏமாந்தவன்னு ஒருத்தன்கூடவாய்யா கிடைக்கல?" என்றார் நீதிபதி.

குமாஸ்தா தலையைச் சொறிந்தார். தேர்தல் சமயத்தில் அந்நிய நாடு ஒன்று கைப்பேசிகளில் பொய்ப் படங்களைப் பரப்பி மக்கள் மனத்தைக் கலைத்ததா என்று விசாரிக்கும் கமிஷன் அது. படங்கள் இரண்டு பீரோ நிறைய இருந்தன. மனம் கலைந்தவர்தான் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சாட்சியாவது வராவிட்டால் கமிஷனுக்குப் பூட்டு. குமாஸ்தாவுக்கு எல்லைக்கோடியில் ஏதோ ஒரு பதிவறைக்கு மாற்றல். மகளோ பத்தாம் வகுப்பு.

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். மூன்றே நாளில் நாலாயிரம் கடிதங்கள். விசாரணையை விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரும் கொதித்திருந்தார்கள். ஏமாந்தது மட்டும் எல்லாக் கடிதத்திலும் பக்கத்து வீட்டுக்காரர்.

சரியென்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு சம்மன் அனுப்பினார். வந்தவர்கள், போட்டுக்கொடுத்தது யார் என்று மட்டும் விசாரித்துக்கொண்டார்கள். வாசலிலேயே கைகலப்பு. கமிஷன் நாற்காலிகள் இரண்டுக்குக் கால் உடைந்தது. இதுவும் அந்நியச் சதியே என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதின.

கடைசியில் மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். அவள் அண்ணன்தானே அந்தப் படங்களையெல்லாம் குடும்பம் முழுக்க அனுப்பியவர், ஒரு கையெழுத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்றார்.

"எங்கண்ணன் ஏமாளின்னு சர்க்கார் காகிதத்துல ஏத்தப் போறீங்களா? என்னை உங்களுக்குக் கட்டிக் குடுத்தாரே, அது ஒண்ணுலதான் அவர் ஏமாந்தார்."

விஷயம் மச்சான் காதுக்குப் போயிற்று. குமாஸ்தாதான் அந்நிய உளவாளி என்று அவர் கமிஷனுக்கே மனுப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, குமாஸ்தா தானே சாட்சிக் கூண்டில் ஏறினார். படம் பார்த்தேன், புத்தி கெட்டேன், ஓட்டை மாற்றிப் போட்டேன் என்றார். தேர்தலன்று அவர் போர்வையை விட்டே வெளியே வரவில்லை. அதை யாரும் கேட்கவுமில்லை. நீதிபதி கண்கலங்கிக் கைகுலுக்கினார். கமிஷனுக்கு இன்னும் ஓராண்டு ஆயுள் நீண்டது.

வாக்குமூலத்தை மூன்று பிரதி எடுக்க எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் அதை ஒருமுறை படித்தார். நம்பாதவர்போல மறுபடியும் படித்தார். பிறகு நான்கு பிரதி எடுத்து, ஒன்றை மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

"நாலாவது எதுக்குப்பா?"

"எனக்குத்தான் சார். நான் அனுப்பின படத்தைப் பாத்து ஒரு ஆளாவது மனசு மாறினானான்னு அந்த நாட்டுக்காரங்க நச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க. நல்லவேளை, உங்க புண்ணியத்துல என் வேலையும் தப்பிச்சுது."